849 ரூபாயும் இரண்டு ஜில்லாக்களும்

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது; அரியலூருக்கு உண்டு. அரியலூரில் சர்க்கார் வைத்தியக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. பெரம்பலூருக்கு அந்தப் பாக்கியம் அப்போது கிட்டவில்லை. பெரம்பலூர் சீமையில் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகின்றன. அரியலூர்ப் பக்கம் போனால் முந்திரித் தோப்புகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும் கண்ணில் படுகின்றன. இவ்வளவு வேற்றுமைகளுக்கிடையில் இவ்விரு ஜில்லாக்களுக்கும் ஒரு விஷயத்தில் மட்டும் வேற்றுமையே இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்துள்ள ஒவ்வொரு குடும்பத்துக்காகவும் சர்க்கார் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் செலுத்தும் தொகை ஒன்றேதான். 2022 ஜனவரி 11 முதல் ஐந்து வருஷங்களுக்குச் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி அது குடும்பம் ஒன்றுக்கு வருஷத்துக்கு 849 ரூபாய். அண்ணா நகரில் இருக்கும் இளந் தம்பதிகளுக்கும் அதே 849; ஆண்டிமடத்தில் கிழவன் கிழவி, மகன் மருமகள், மூன்று குழந்தைகள் என்று ஏழு பேர் உள்ள குடும்பத்துக்கும் அதே 849.

எல்லோருக்கும் சமம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா என்று கேட்கத் தோன்றும். நமக்கும் முதலில் அப்படித்தான் தோன்றிற்று. ஆனால் நோய் சமமாக வருவதில்லை. வயது முதிர்ந்தவனுக்கு அதிகமாக வருகிறது. தூசியிலும் வெயிலிலும் உழைப்பவனுக்குச் சீக்கிரமாக வருகிறது. ஒரு நோய் உள்ளவனிடம் மற்றொன்று வந்து ஒட்டிக்கொள்கிறது. நோய் சமமாக வராதபோது பணம் மட்டும் சமமாகப் போவதால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்பதே இன்று நாம் ஆராய விரும்பும் விஷயம். மேல்நாட்டார் இதற்கு 'ரிஸ்க் அட்ஜஸ்ட்மெண்ட்' என்று பெயர் வைத்திருக்கின்றனர். நாம் இதை அபாயச் சரிக்கட்டு என்று சொல்லலாம். நோயின் பாரம் எங்கே அதிகமோ அங்கே பணத்தைக் கூட்டியும், எங்கே குறைவோ அங்கே குறைத்தும் கொடுப்பது என்பதே அதன் பொருள். பெயர்தான் பயமுறுத்துகிறது, விஷயம் பெரம்பலூர்ச் சந்தையில் வெங்காயத்தைத் தரம் பிரித்து விலை பேசுகிறவனுக்குத் தெரிந்த விஷயமே.

திட்டத்தின் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் தமிழ்நாட்டில் இம்முறை தொடங்கிற்று. வருஷ வருமானம் 72,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு நான்கு வருஷத்துக்கு ஒரு லட்ச ரூபாய் வரை வைத்தியம்; ஒப்பந்தம் ஒரு தனியார் கம்பெனியுடன். ஆட்சி மாறியதும் 2012 ஜனவரி 11ந் தேதி பெயரும் மாறிற்று, திட்டமும் விரிந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பொதுத்துறைக் கம்பெனியான யுனைடெட் இந்தியா பொறுப்பேற்றது. அப்போது குடும்பத்துக்கு 497 ரூபாய். 2017இல் 699 ரூபாய். 2018 செப்டம்பரில் மத்திய சர்க்காரின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் இதனுடன் இணைந்து, பாதுகாப்புத் தொகை ஐந்து லட்சமாயிற்று. 2022இல் வருமான வரம்பை 1,20,000 ரூபாயாக உயர்த்தினர். பிரீமியம் 849 ஆயிற்று. சிகிச்சை முறைகள் 1,090. அப்போது சேர்ந்திருந்த குடும்பங்கள் சுமார் 1 கோடியே 37 லட்சம். 849ஆல் பெருக்கிப் பார்த்தால் வருஷத்துக்கு 1,160 கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது. கட்சிகள் மாறினும் திட்டம் நின்றது என்பது நமது ராஜ்யத்துக்குப் பெருமையே. அதை நாம் குறைத்துச் சொல்லவில்லை.

இனி ஒரு சிறு கணக்கு. எண்கள் நாமாக வைத்துக்கொண்டவை. விஷயம் விளங்குவதற்காகச் சொல்கிறோம். இரண்டு கிராமங்கள், ஒவ்வொன்றிலும் ஆயிரம் குடும்பங்கள். முதல் கிராமத்தில் வருஷத்துக்கு 20 பேர் ஆஸ்பத்திரியில் படுக்கின்றனர். இரண்டாவதில் 36 பேர். ஒவ்வொருவருக்கும் 30,000 ரூபாய் செலவு. முதல் கிராமத்துக்குச் செலவு 6,00,000, இரண்டாவதற்கு 10,80,000. இரண்டிலிருந்தும் கம்பெனிக்கு வரும் பிரீமியம் தலைக்கு 8,49,000. முதல் கிராமத்தில் கம்பெனிக்கு மிச்சம் 2,49,000 ரூபாய். இரண்டாவதில் நஷ்டம் 2,31,000 ரூபாய். இரண்டையும் ஒரே பையில் போட்டால் 18,000 ரூபாய் மிஞ்சி, கணக்கு நேராகிவிடுகிறது.

"அப்படியானால் கவலை என்ன? தமிழ்நாடு முழுவதும் ஒரே கம்பெனி, ஒரே பை. ஆரோக்கியமுள்ளவனின் பிரீமியம் நோயாளிக்கு உதவுகிறது. இன்ஷூரன்ஸின் தர்மமே அதுதானே?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் பல கம்பெனிகள், பல நிதிகள் போட்டி போடுகின்றன. அங்கே நோயாளியைத் தட்டிக் கழித்து ஆரோக்கியவானைப் பொறுக்கிச் சேர்த்துக்கொள்ளும் சாமர்த்தியத்தைத் தடுக்கவே இந்தச் சரிக்கட்டு பிறந்தது. இங்கே கம்பெனி ஆள் பொறுக்க முடியாது; சர்க்கார் கொடுக்கும் ஜாபிதாவை அப்படியே ஏற்க வேண்டும். ஆகவே வாசல் வழியாகப் பொறுக்கும் வியாதி நம்மிடம் இல்லை. ஆனால் அது கொல்லைப்புறமாக வருகிறது.

வக்கீல் தொழிலில் சில காலம் கழித்த நமக்கு ஓர் ஒப்பந்தத்தைக் கண்டால் அதில் எழுதியிருப்பதைக் காட்டிலும், அது யாருக்கு என்ன ஆசையை உண்டாக்குகிறது என்று பார்க்கும் பழக்கம் உண்டு. மேலே சொன்ன இரண்டாவது கிராமத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வராமல் நின்றுவிட்ட ஒவ்வொரு நோயாளியும் கம்பெனிக்கு 30,000 ரூபாய் மிச்சம். அவனைத் தடுக்க யாரும் ஒரு விரலையும் அசைக்க வேண்டியதில்லை. அட்டை எப்படி எடுப்பது என்று அவனுக்குத் தெரியாமலிருந்தால் போதும். பக்கத்தில் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரி இல்லாமலிருந்தால் போதும். முன் அனுமதி கேட்டு அனுப்பிய காகிதத்துக்கு மூன்று கேள்விகள் திரும்பி வந்தால் போதும். கெட்ட எண்ணம் யாருக்கும் இருக்கிறதென்று நாம் சொல்லவில்லை. நல்ல எண்ணத்துக்குச் சம்பளம் கொடுக்காத ஓர் ஏற்பாடு என்றுதான் சொல்கிறோம். செலவு மிகக் குறைந்தால் கம்பெனி ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டும் என்ற ஷரத்து ஆயுஷ்மான் பாரத்தின் மாதிரி ஒப்பந்தங்களில் உண்டு. நல்ல ஷரத்து. ஆனால் அது ராஜ்யம் முழுவதற்குமான மொத்தக் கணக்கு. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் செலவு நிறைந்து, செந்துறையிலும் வேப்பந்தட்டையிலும் குறைந்திருந்தால் மொத்தத்தில் சரியாகவே தெரியும். செந்துறைக்காரனின் பெயரில் செலுத்திய பணம் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் செலவாகியிருக்கும், ஷரத்து மீறப்பட்டிராது.

இது ஒரு பக்கம். ஆஸ்பத்திரியின் பக்கம் இதைவிட முக்கியமானது.

திட்டத்தில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு கட்டு விலை உண்டு. பித்தப்பையை எடுக்க இவ்வளவு, இடுப்பெலும்பு மாற்ற இவ்வளவு என்று. முப்பது வயதுத் திடகாத்திரனுக்கும் அறுபத்தெட்டு வயதில் நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும் உள்ள கிழவிக்கும் கட்டு விலை ஒன்றே. முதல்வன் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போவான். கிழவிக்குச் சர்க்கரையைக் கட்டுப்படுத்த ஐந்து நாள், ஆபரேஷனுக்குப் பிறகு தீவிர சிகிச்சை அறையில் நான்கு நாள், புண் ஆறப் பத்து நாள். தனியார் ஆஸ்பத்திரி நடத்துகிறவன் தர்மவானாகவே இருக்கட்டும். கடன் வாங்கிக் கட்டிடம் கட்டியவன், மாதா மாதம் சம்பளம் கொடுக்கிறவன். அவன் என்ன செய்வான்?

சென்ற தை மாதத்தில் பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். முப்பது கிலோமீட்டர்தான். வழியெல்லாம் சிமெண்டு லாரிகள். சாலையோரத்து வேப்பமர இலைகள் பச்சை நிறத்தை மறந்து வெகு நாளாயிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே காகிதக் கட்டும் எக்ஸ்ரே படமும். ஊர் செந்துறைக்கு அப்பால் என்றார். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொள்ள ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். அட்டை உண்டு, பெயர் சரியாக இருக்கிறது, எல்லாம் சரி. இரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்த பிறகு, "ஐயா, உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது, இருதயமும் பலவீனம். தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், அதுதான் உங்களுக்கு நல்லது" என்று அன்பாகச் சொல்லி அனுப்பிவிட்டார்களாம். "கோபமாகப் பேசினால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன், தம்பி. மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள், என்ன செய்வது?" என்றார். அவருக்கு நம்மைவிட இருபத்தைந்து வயதாவது அதிகமிருக்கும். அந்த டாக்டர் சொன்னது வைத்திய சாஸ்திரப்படி சரியாகவே இருக்கலாம். அதைத் தீர்ப்புச் செய்ய நமக்குத் தகுதியில்லை. ஆனால் அதே சர்க்கரைக்கும் இருதயத்துக்கும் சேர்த்துக் கட்டு விலை இரு மடங்காக இருந்திருந்தால் அதே ஆலோசனையைச் சொல்லியிருப்பார்களா என்பதே நமது சந்தேகம்.

இப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எங்கே போகிறார்கள்? தஞ்சாவூர் வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கும், திருச்சி மகாத்மா காந்தி நினைவு ஆஸ்பத்திரிக்கும், புதுச்சேரி ஜிப்மருக்கும் போகிறார்கள். சர்க்கார் ஆஸ்பத்திரிகளும் இத்திட்டத்தில் பணம் பெறுகின்றன. அந்தப் பணத்தில் கருவிகள் வாங்குகின்றனர், கட்டிடங்களைச் செப்பனிடுகின்றனர். ஆனால் இலகுவான நோயாளி தனியாரிடமும் கஷ்டமான நோயாளி சர்க்காரிடமும் சேர்ந்து, இருவருக்கும் ஒரே கட்டு விலை கொடுத்தால் என்ன ஆகும்? தனியார் ஆஸ்பத்திரி திறமையாக நடப்பதாகவும் சர்க்கார் ஆஸ்பத்திரி பணத்தை விழுங்குவதாகவும் காகிதத்தில் தெரியும். பிறகு யாராவது ஒரு கமிட்டி கூடி, சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் செலவு அதிகம், சாவும் அதிகம் என்று அறிக்கை எழுதும். நோயின் பாரத்தைக் கணக்கில் சேர்க்காமல் எழுதும் அத்தகைய அறிக்கைக்கு நாம் ஒரு காசு மதிப்புக் கொடுக்கமாட்டோம்.

மற்ற தேசங்கள் என்ன செய்தன என்று பார்ப்போம். அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் திட்டம் 1985 முதல் தனியார் அமைப்புகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கத் தொடங்கிற்று. வயது, ஆணா பெண்ணா, எந்தப் பிரதேசம் முதலிய சில விவரங்களை மட்டும் வைத்துத் தொகை நிர்ணயித்தனர். பின்னால் ஆராய்ந்து பார்த்தபோது ஆளுக்கு ஆள் செலவில் ஏற்படும் வேறுபாட்டில் நூற்றில் ஒரு பங்கைத்தான் இந்த விவரங்கள் விளக்கின என்று தெரிந்தது. அமைப்புகள் திடகாத்திரமான கிழவர்களாகப் பார்த்துச் சேர்த்துக்கொண்டன. சர்க்கார் அதிகப் பணம் கொடுத்து ஏமாந்தது. 2000இல் ஆஸ்பத்திரியில் படுத்த நோய்களையும், 2004இல் வெளி நோயாளியாகக் காட்டிய நோய்களையும் கணக்கில் சேர்த்தனர். அதன் பிறகு நூற்றில் பதினொரு பங்கு வரை விளங்கிற்று. பதினொன்று குறைவாகத் தோன்றலாம். நோய் பெரும்பாலும் தலைவிதிபோல் திடீரென்று வருவது. முன்கூட்டிச் சொல்ல முடிந்த பகுதி அவ்வளவுதான். அந்தப் பகுதியை வைத்துத்தானே பொறுக்குகிறவன் பொறுக்குகிறான்!

ஹாலந்து தேசத்தார் 1990களில் வயது, பால் இரண்டையும் வைத்து ஆரம்பித்து, 2002இல் ஒரு யுக்தி செய்தனர். ஒருவன் தொடர்ந்து வாங்கும் மருந்தைக் கொண்டே அவன் நோயை ஊகிப்பது. இன்சுலின் வாங்குகிறவனுக்கு நீரிழிவு இருப்பதை டாக்டர் எழுதித் தர வேண்டுமா? ஜெர்மனியில் 1994இல் இம்முறை தொடங்கி, 2009இல் 80 நோய்களைக் கணக்கில் சேர்த்து, 2021 முதல் எல்லா நோய்களையும், அத்துடன் வாழும் பிரதேசத்தையும் சேர்த்தனர். ஊரைப் பொறுத்துச் செலவு மாறுகிறது என்பதை ஒப்புக்கொள்ள ஜெர்மானியர் போன்ற கணக்கர்களுக்கே இருபத்தேழு வருஷம் பிடித்திருக்கிறது.

இந்தியாவில் இது முற்றிலும் அறியாத சங்கதி என்று எண்ண வேண்டாம். 2008இல் மத்திய சர்க்கார் தொடங்கிய ராஷ்டிரீய ஸ்வாஸ்திய பீமா யோஜனாவில் ஜில்லா ஜில்லாவாக டெண்டர் கேட்டனர். ஒவ்வொரு ஜில்லாவுக்கும் பிரீமியம் வேறு. முரடான வழிதான், ஆயினும் ஊருக்கு ஊர் நோய் வேறு என்பதை ஒத்துக்கொண்ட வழி. நமது இரு ஜில்லாக்களுக்கு அதை அப்படியே வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்தது பெரம்பலூர். 2001 ஜனவரியில் பெரம்பலூரிலிருந்து பிரிந்தது அரியலூர். 2002இல் மறுபடி சேர்ந்தது. 2007 நவம்பரில் மறுபடி பிரிந்தது. ஜெயங்கொண்டத்துக்காரன் வீட்டை விட்டு நகராமலே பன்னிரண்டு வருஷத்தில் நான்கு முறை ஜில்லா மாறியிருக்கிறான். அவன் நுரையீரல் அதற்காக மாறியிருக்காது. ஆகையால் எல்லைக்கோட்டை மட்டும் நம்பிப் பிரீமியத்தை மாற்றுவது நமக்குச் சம்மதமில்லை.

ஆயுஷ்மான் பாரத்திலும் மத்திய சர்க்கார் சில சரிக்கட்டுகளை அனுமதித்திருக்கிறது. தரச் சான்று பெற்ற ஆஸ்பத்திரிக்கு 10 அல்லது 15 சதவிகிதம் கூடுதல். பின்தங்கியவை என்று தேர்ந்தெடுத்த ஜில்லாக்களில் உள்ள ஆஸ்பத்திரிக்கு 10 சதவிகிதம் கூடுதல். தமிழ்நாட்டில் அப்படித் தேர்ந்தெடுத்தவை ராமநாதபுரமும் விருதுநகரும். அரியலூர் அந்த ஜாபிதாவில் இல்லை. ஆனால் 2017இல் வெளியான தமிழ்நாட்டு மனித வளர்ச்சி அறிக்கையில் ஜில்லாக்களுக்குள் கடைசி இடம் அரியலூருக்கே கிடைத்தது. பெரம்பலூரும் வரிசையின் அடிப்பக்கத்தில்தான். விருதுநகரோ அதே அறிக்கையில் முன்வரிசை. விருதுநகர் மீது நமக்குப் பொறாமை கிடையாது. டில்லியின் அளவுகோலும் சென்னையின் அளவுகோலும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை என்பதற்காகச் சொன்னோம். தவிரவும், இந்தக் கூடுதல்கள் ஆஸ்பத்திரியின் தகுதியையும் ஊரையும் பார்க்கின்றனவேயன்றி, கட்டிலில் படுத்திருக்கும் மனிதனைப் பார்க்கவில்லை. நோயாளியின் நிலையைப் பொறுத்துக் கட்டு விலையை மாற்றும் முறையைச் சோதிப்பதற்கு 2022இல் கேரளம், மேகாலயா உள்ளிட்ட ஐந்து ராஜ்யங்களைத் தேர்ந்தெடுத்தனர். இத்தகைய காரியங்களில் முன்நிற்பதாகப் பெருமை பேசும் நமது ராஜ்யம் அந்த ஐந்தில் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். நாம் இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான் என்றும் சொல்லலாம். சரிக்கட்டு செய்ய வேண்டும் என்று சர்க்கார் ஒப்புக்கொண்டால், நிபுணர்கள் முதலில் கேட்பது சென்ற வருஷத்துச் செலவுக் கணக்கைத்தான். எந்த ஜில்லாவில் எவ்வளவு செலவாயிற்றோ அந்த விகிதத்தில் இனிமேல் கொடுப்போம் என்பார்கள். அது மிகச் சுலபம். காகிதம் கையிலேயே இருக்கிறது. ஆனால் அரியலூரிலும் பெரம்பலூரிலும் செலவு குறைந்திருந்தால் அதற்கு நோய் குறைவு என்று பொருளா, ஆஸ்பத்திரி குறைவு என்று பொருளா? பெரம்பலூரில் இருதய அடைப்பு ஏற்பட்டவன் சுமார் 60 கிலோமீட்டர் தாண்டித் திருச்சிக்குப் போக வேண்டுமானால், போய்ச் சேராதவனின் செலவு பூஜ்யம். பூஜ்யத்தை ஆரோக்கியம் என்று படிக்கும் கணக்குப்பிள்ளையிடம் இந்த ஜில்லாக்களை ஒப்படைத்துவிட்டால், 849 என்ற குருட்டுச் சமத்துவமே தேவலை என்று ஆகிவிடும்.

இது கற்பனைப் பயம் அல்ல. 2019 அக்டோபரில் 'சயன்ஸ்' என்ற பிரபல சஞ்சிகையில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எந்த நோயாளிக்கு விசேஷ கவனம் தேவை என்று தீர்மானிக்க அங்கே ஆஸ்பத்திரிகள் உபயோகித்துவந்த ஒரு கணக்கு முறையை அவர்கள் பரிசோதித்தனர். அந்தக் கணக்கு நோயை அளக்கவில்லை, செலவை அளந்தது. கறுப்பு இன ஜனங்களுக்கு வைத்தியம் எட்டாததால் அவர்கள் பெயரில் செலவு குறைவு. செலவு குறைவானதால் அவர்களுக்கு நோய் குறைவு என்று கணக்குச் சொல்லிற்று. அதைத் திருத்தினால், விசேஷ கவனத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோரில் கறுப்பு இனத்தவர் 17.7 சதவிகிதத்திலிருந்து 46.5 சதவிகிதமாக உயர்வர் என்று கண்டனர். நிறத்தை அந்தக் கணக்கில் எழுதவேயில்லை. ஆனாலும் நிறம் வேலை செய்தது. நமது ஊரில் சாதியும் தூரமும் அதே வேலையைச் செய்யும். முந்திரித் தோப்பில் கூலி வேலை செய்யும் ஹரிஜனப் பெண் எத்தனை முறை ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாள்? அவள் போகாத கணக்கை வைத்து அவள் சந்ததிக்குப் பணம் நிர்ணயிப்பதா?

இன்னொரு கோடியிலும் ஆபத்து உண்டு. நோய்க்கு ஏற்பப் பணம் என்றவுடன் நோய் காகிதத்தில் வளரத் தொடங்கும். அமெரிக்காவில் கம்பெனிகள் வீட்டுக்கு வீடு நர்ஸை அனுப்பி, கிழவர்களின் தேகத்தில் ஒளிந்திருக்கும் நோய்களையெல்லாம் கண்டுபிடித்து எழுதிக்கொண்டன. வைத்தியம் செய்வதற்காக அல்ல, எழுதுவதற்காகவே. இந்த ஊதலை ஈடுகட்டச் சட்டப்படி 2018 முதல் சுமார் 5.9 சதவிகிதம் மொத்தமாகக் கழித்துவிடுகிறார்கள். அதுவும் போதவில்லை என்பது அங்கே வெகுநாளைய சண்டை. ஜெர்மனியில் 2016இல் ஒரு பெரிய நோய் நிதியின் தலைவரே, நோயாளிகளை உள்ளதைவிட அதிக நோயாளிகளாகக் காட்டும்படி நிதிகள் டாக்டர்களைத் தூண்டுகின்றன என்று பத்திரிகையில் ஒப்புக்கொண்டார். பணம் வாங்குகிறவனே நோயை எழுதுவதென்றால், விற்கிறவனே தராசைப் பிடிப்பது போல்தான்.

ஆகவே தராசு யார் கையில் இருக்க வேண்டும் என்பதே பிரதானக் கேள்வி. இதற்கு நம்மிடமே ஒரு வழி இருப்பதாக நாம் கருதுகிறோம். 2021 ஆகஸ்டு 5ந் தேதி கிருஷ்ணகிரி ஜில்லாவில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஊர்ப் பெண்களே தொண்டர்களாக வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை கொடுக்கின்றனர். யாருக்கு எந்த மாத்திரை, எத்தனை மாதமாக என்பதற்கு ஜாபிதா உண்டு. அந்தத் தொண்டருக்கு இன்ஷூரன்ஸ் பணத்தில் பங்கில்லை. நோயைக் கூட்டி எழுதி அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஹாலந்துக்காரர் மருந்துக்கடைக் கணக்கிலிருந்து எடுத்த யுக்தியை நாம் இந்த ஜாபிதாவிலிருந்து எடுக்கலாம். ஆஸ்பத்திரிக்கே போகாதவளின் நோயும் இதில் பதிவாகிறது என்பது இதன் விசேஷம். அத்துடன் வயது, குடும்பத்தில் தலை எண்ணிக்கை, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிக்கு ஊரிலிருந்து தூரம், சுரங்கம் ஆலை முதலியவற்றில் வேலை ஆகிய நான்கையும் சேர்த்துக்கொண்டால் ஆரம்பத்துக்குப் போதும். எழுபது வயது கடந்தவர்களுக்கு வருமான வரம்பின்றி ஆயுஷ்மான் பாரத்தில் இடம் என்று மத்திய சர்க்கார் 2024 அக்டோபர் 29ந் தேதி தொடங்கிவைத்த ஏற்பாட்டில், வயதுதான் பெரிய செலவு என்பதை ஒப்புக்கொண்டாய்விட்டது. ஒப்புக்கொண்டதைப் பணம் கொடுக்கும் விதத்திலும் காட்ட வேண்டாமா?

ஜாபிதாவில் உள்ள பெயர்கள் கம்பெனியின் கைக்குப் போகக்கூடாது. ஊர்வாரியான எண்ணிக்கை மட்டும் போனால் போதும். இதைச் சொல்லாமல் விட்டால் நமது சக வக்கீல்கள் நம்மைச் சும்மா விடமாட்டார்கள்.

"இன்ஷூரன்ஸே வேண்டாம்; அந்த 1,160 கோடியில் வருஷா வருஷம் ஆஸ்பத்திரி கட்டுங்கள்" என்று சொல்லும் தேசபக்த நண்பர்கள் நமக்கு அநேகர். 1946இல் போர் கமிட்டி சொன்னதும் ஏறக்குறைய அதுதான்: வைத்தியத்தைச் சர்க்காரே பொது வருமானத்திலிருந்து நடத்த வேண்டும், பணமில்லாத காரணத்தால் யாருக்கும் அது மறுக்கப்படக்கூடாது. அந்த லட்சியத்தில் நமக்கும் நம்பிக்கை உண்டு. ஆனால் ஆஸ்பத்திரி கட்டினாலும் எந்த ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு என்ற கேள்வி தீராது. இங்கிலாந்தில் இன்ஷூரன்ஸ் இல்லை. எல்லாம் சர்க்கார் வைத்தியம். அங்கேயும் பணம் பெரும்பாலும் லண்டன் பக்கமே குவிகிறதென்று கண்டு, 1976இல் பிரதேசங்களின் மரண விகிதத்தை வைத்துப் பணத்தைப் பங்கிடும் ஏற்பாட்டைச் செய்தனர். பெயர் எதுவானாலும் சரிக்கட்டு இல்லாமல் நடக்காது.

சிமெண்டு ஆலையில் நிரந்தர வேலை பார்ப்பவனுக்கு இ.எஸ்.ஐ. திட்டம் இருக்கிறது. அவன் செலுத்துவது சம்பளத்துக்கு ஏற்ப. பெறுவது நோய்க்கு ஏற்ப. அதே ஆலை வாசலில் ஒப்பந்தக் கூலியாகச் சாக்கு ஏற்றுகிறவனின் பெயர் பல சமயங்களில் அந்தப் புத்தகத்தில் ஏறுவதேயில்லை. அவனுக்கு 849 ரூபாய்த் திட்டம்தான். ஒரே தூசியைச் சுவாசிக்கும் இருவர் இரண்டு புத்தகங்களில். இரண்டாவது புத்தகத்தில் அவனுடைய தூசிக்கு இடமே இல்லை.

2022இல் தொடங்கிய ஐந்து வருஷக் கணக்கு 2027 ஜனவரியில் முடிகிறது. அடுத்த டெண்டர் காகிதத்தில் மூன்று விஷயங்கள் இடம்பெற வேண்டுமென்று நாம் கேட்கிறோம். ஜில்லாவாரியாக, கூடுமானால் தாலூகாவாரியாக, எத்தனை பேர் அனுமதி கேட்டார்கள், எத்தனை பேருக்கு மறுக்கப்பட்டது, எத்தனை பேர் வேறு ஊருக்கு அனுப்பப்பட்டார்கள் என்ற விவரம் ஒவ்வொரு மூன்று மாதமும் வெளியிடப்பட வேண்டும். கட்டு விலையில் நோயாளியின் வயதுக்கும் கூட்டு நோய்க்கும் தனிப் படிகள் வேண்டும். நோயின் பாரம் அதிகமாயிருந்தும் செலவு குறைந்துள்ள தாலூகாக்களில், மிஞ்சிய பணம் கம்பெனிக்கும் போகாமல் சென்னைக்கும் போகாமல் அந்தத் தாலூகாவின் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கே சேர வேண்டும். மூன்றாவது கோரிக்கையை நிதி இலாகாவினர் ரசிக்கமாட்டார்கள் என்று நமக்குத் தெரியும். இரு ஜில்லாக்களின் சட்டசபை அங்கத்தினர்களும் கட்சி பேதமின்றி எழுந்து கேட்டால் அவர்கள் ரசித்துத்தான் ஆக வேண்டும். பெரம்பலூர், குன்னம், அரியலூர், ஜெயங்கொண்டம் ஆகிய நான்கு தொகுதிகளிலும் உள்ள நமது வாசகர்கள் தங்கள் அங்கத்தினருக்கு இப்போதே ஒரு கடிதம் எழுதலாம்.

பஸ்ஸில் சந்தித்த பெரியவர் அரியலூரில் இறங்கி, தஞ்சாவூர் பஸ் எங்கே நிற்கும் என்று விசாரித்துக்கொண்டு போனார். ஆபரேஷன் நடந்ததா என்று நமக்குத் தெரியாது. அவருடைய ஊர்ப் பெயர் நம்மிடம் இருக்கிறது. மாசி மாதத்தில் அந்தப் பக்கம் போகும் நிருபரிடம் விசாரித்துவரச் சொல்லியிருக்கிறோம்.